சிவப்பு வால்வுக்கு ஐந்து நிமிடம்

காலை ஏழு மணிக்கு அப்பாவு பம்ப் அறைக் கதவைக் காலால் தள்ளி, "எந்திரிங்க மாப்பிள்ள" என்கிறார். மாப்பிள்ளை என்பது மூன்று குதிரைசக்தித் தண்ணீர்ப் பம்ப். வருஷத்தில் பாதி நாள் படுத்துக் கிடக்கும். மீதி நாள் முனகிக்கொண்டே வேலை செய்யும். எண்ணெய் மட்டும் தவறாமல் கேட்கும். அதனால் அந்தப் பெயர். அவருக்கு உண்மையான மருமகன் இன்னும் வாய்க்கவில்லை. வாய்த்தாலும் இதைவிட மோசமாகத்தான் இருக்கும் என்பதால் இதிலேயே பழகிக்கொள்கிறாராம்.

பம்ப் ஓடத் தொடங்கியதும் குழாயில் காதை வைத்துக் கேட்பார். உள்ளே கூழாங்கல் உருளுவதுபோல் சத்தம் வந்தால் உறிஞ்சும் பக்கம் அடைப்பு. காய்ந்த இலையோ, மாணவர் எவரோ வீசிய சிகரெட் பெட்டியோ. சத்தம் வராவிட்டால் வால்வுக்குப் போவார். வால்வு இரண்டு. சுவரோரம் சிவப்பு, கதவோரம் பச்சை. பெயின்ட் அவரே அடித்தது. முதலில் சிவப்பைத் திறப்பார். வெளியே போய் நிற்பார். ஐந்து நிமிடம். திரும்பி வந்து சிவப்பை மூடிப் பச்சையைத் திறப்பார். பதிவேட்டில் 'காற்று வெளியேற்றம், ஐந்து நிமிடம்' என்று மலாயில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

அந்தக் குழாயில் வெளியேற்றுவதற்குக் காற்று எதுவும் கிடையாது. பம்ப் தெரிந்த எவருக்கும் அது தெரியும். கேட்க வேண்டிய நாற்காலியில் இருப்பவர்களுக்குப் பம்ப் தெரியாது.

வெளியே நிற்பது நீரூற்று. மலேசியாவில், ஈப்போவுக்குத் தெற்கே, சிம்பாங் பூலாய் தாண்டி, சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் இருக்கும் பல்கலைக்கழக வளாகத்தின் நட்டநடுவில். பதினான்கு அடி உயரக் கான்கிரீட் பால்மரம், அதாவது ரப்பர் மரம். கிளை இல்லை, இலை இல்லை, வெறும் தண்டு. முன்பக்கப் பட்டையில் நெஞ்சு உயரத்தில் சாய்வாக ஒரு கோடு. கோட்டின் மேல்முனையில் தண்ணீர் கசிந்து, சாய்வில் வழிந்து, கீழே செம்பில் செய்த மங்கில் விழும். மங்கு என்றால் தோட்டத்தில் மரத்தடியில் பால் பிடிக்கும் கிண்ணம், உள்ளங்கையில் அடங்கும். இது கோயில் அண்டா அளவு. அது நிரம்பி வட்டத் தொட்டியில் விழும். தொட்டியிலிருந்து மறுபடி மாப்பிள்ளையிடம் வரும். அடியில் பித்தளைத் தகட்டில், அறிவு வற்றாமல் ஓடட்டும் என்று மலாயில் பொறித்திருக்கிறது. மாணவர்கள் வைத்த பெயர் 'போக்கோக் கென்சிங்', மூத்திரம் போகிற மரம். அந்தப் பெயரை முதலில் சொன்னது தாமே என்று அப்பாவு சொல்லிக்கொள்வார். சாட்சி இல்லை.

ஐம்பத்து நான்கு வயது. காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் ஒரு துண்டு. எண்ணெய் துடைப்பது, வியர்வை துடைப்பது, தேநீர்க் கோப்பை துடைப்பது எல்லாம் அதே துண்டு. எண்பத்திரண்டில் அரசாங்கம் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்ததை இன்னும் மன்னிக்கவில்லை. "முள்ளத் தள்ளிட்டானுங்க. சூரியன் கேக்கலலா" என்பார். ஏழு மணிக்கு இன்னும் சரியாக விடியாமல் இருப்பது அவருக்குச் சொந்த வெற்றி.

இந்த இடம் முன்பு சுண்ணாம்புமலைத் தோட்டம். எழுபத்து நான்கில் கைமாறியது. மரங்கள் சாய்ந்தன, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிந்தன, எழுபத்தெட்டில் கட்டடங்கள் எழுந்தன. புதிதாக வருகிறவர்களுக்கு அப்பாவு வளாகத்தைச் சுற்றிக் காட்டும் விதம் தனி. நூலகம் ரப்பர் ஷீட் காயவைத்த புகைக்கூடத்தின் மேல் நிற்கிறது: "அப்பயும் உள்ள போனா கண்ணு எரியும், இப்பயும் எரியும்." வேதியியல் கூடம் லயத்துக் கக்கூஸ் வரிசையின் மேல்: "நாத்தம் மாறல." நிர்வாகக் கட்டடம் நிற்கும் இடத்தில் தொரையின் மாட்டுக் கொட்டகை இருந்தது. அதற்கு மட்டும் விளக்கம் எதுவும் சொல்லாமல் அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுவார்.

தோட்டத்துத் தமிழன் என்றால் மரம் வெட்டியவன், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவன், என்று இங்கே எல்லோருக்கும் நினைப்பு. அப்பாவு வாழ்நாளில் ஒரு மரம் வெட்டியதில்லை. பதினாறு வயதிலிருந்து ஆலையில் எஞ்சின் ஓட்டியவர். பால் அவரிடம் வாளியிலும் டிரம்மிலும்தான் வந்தது. வெட்டியது மங்களம்.

மங்களம் அவர் மனைவி. பதினான்கு வயதில் உளி பிடித்தவள். இருபத்து நான்கு வருஷம் வெட்டினாள். தோட்டம் போனபின் இதே வளாகத்தில் விளக்குமாறு பிடித்தாள். வாய் நீளம், சிரிப்பு அதைவிட நீளம். சிரிக்கக் கூடாத இடத்தில்தான் அவளுக்குச் சிரிப்பு வரும். சாவு வீட்டில் வரும். சங்கக் கூட்டத்தில் தலைவர் பேசும்போது வரும். ஒருமுறை சொந்த மைத்துனர் தாலி கட்டும் நேரத்தில் வந்தது. வந்தால் தலைத்துண்டின் நுனியைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு தோள் குலுங்க நிற்பாள். அப்பாவு தள்ளிப்போய், இவள் யாரோ என்பதுபோல் நிற்பார்.

நீரூற்றைத் திறந்தது எண்பதாம் வருஷம் ஜூலையில். அறுபது நாற்காலி, ஒரு பந்தல், மாநிலத்துப் பிரமுகர் ஒருவர். அவர் வெல்வெட் மேசையில் இருந்த பொத்தானை அழுத்தினார். பொத்தானுக்கும் பம்புக்கும் இடையில் கம்பி எதுவும் இல்லை. வேலை மேற்பார்வையாளர் பாஸ்கல் கைக்குட்டையை ஆட்ட, உள்ளேயிருந்து அப்பாவு சுவிட்சைப் போட்டார். தண்ணீர் வழிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்த இடத்தில் ஒரு பெண்ணின் சிரிப்பு மட்டும் பாக்கி இருந்தது.

கடைசி வரிசைக்குப் பின்னால், கூட்டுகிற பெண்கள் நிற்கும் இடத்திலிருந்து வந்தது. தலைத்துண்டு முழுவதும் வாய்க்குள் போயும் மங்களத்துக்கு அடங்கவில்லை. பக்கத்தில் நின்ற இருளாயி, என்னடி என்று கேட்டு, மரத்தைப் பார்த்து, அவளும் தொடங்கினாள். ஒரு நிமிடத்தில் பதினோரு பேர். எல்லோரும் பழைய வெட்டுக்காரிகள். பாஸ்கல் ஓடிவந்து அவர்களைக் கட்டடத்துக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு போனார்.

பந்தல் கலைந்தபின் அப்பாவு வந்து, மானம் போகிறது, என்னடி சிரிப்பு என்று கேட்டார்.

"யோவ், கோடு தப்புய்யா" என்றாள் மங்களம்.

விளக்குமாற்றுக் குச்சியால் மண்ணில் வரைந்து காட்டினாள். "பால் நரம்பு நேரா ஏறாது. வலதுபக்கமாச் சாஞ்சு ஏறும். அதனால கோடு எடது மேல, வலது கீழ. அப்பதான் நெறைய நரம்பு அறுபடும். இவன் வலது மேல ஆரம்பிச்சு எடது கீழ எறக்கியிருக்கான். இப்படி வெட்டுனா பால் வராது. வேலை வாங்குற மண்டோரு உளியப் புடுங்கிட்டு வீட்டுக்குப் போன்னுருவான்."

அறுபது நாற்காலியில் இருந்த எவருக்கும் இது தெரியவில்லை. தெரிந்த பதினோரு பேருக்கு நாற்காலி போடவில்லை.

அப்பாவுவுக்கும் தெரியாது. ஆனால் மங்களம் சொன்னால் எதிர்த்துப் பேசுவது அவர் வழக்கம். மரத்தில் பால் தானாக வர வேண்டும். இங்கே தம் பம்ப் தள்ளுகிறது. எந்தப் பக்கம் கோடு போட்டாலும் தண்ணீர் ஓடும் என்றார். ஒரு தொழில்நுட்ப வாதம் என்ற அளவில் அதில் குறை இல்லை.

"ஒனக்கு என்னா தெரியும்" என்றாள் மங்களம். "ஒனக்கு வாளியில வந்த பாலு."

இந்தச் சண்டை ஐந்து வருஷம் நடந்தது. தினமும் காலை ஏழு மணிக்கு மங்களம் விளக்குமாற்றோடு அந்த வழியாக வருவாள். மரத்தின் முன்னால் நிற்பாள். தண்ணீர் தப்புப் பக்கமாக வழிவதைப் பார்ப்பாள். தலைத்துண்டு நுனி வாய்க்குப் போகும். பம்ப் அறை வாசலில் நின்று அப்பாவு, போடி வேலையைப் பார்த்துக்கொண்டு, என்பார். அதற்குப் பிறகுதான் அவருக்கு அன்றைய பொழுது தொடங்கும். வீட்டிலும் விடமாட்டாள். மீன் குழம்பில் உப்புத் தூக்கல் என்றால், "பெரிய கோடு தெரிஞ்ச ஆளு வந்துட்டாரு" என்பாள். ரேடியோவைத் திருகித் திருகி நிலையம் கிடைக்காமல் அவர் தடுமாறினால், வலது மேல திருகுய்யா, ஒன் மரம் மாதிரி, என்பாள்.

அவர் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சைக்கிள் எடுத்துக்கொண்டு ஆறு மைல் தள்ளி இருந்த வேறொரு தோட்டத்துக்குப் போனார். நாற்பது மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாற்பதிலும் கோடு இடது மேல், வலது கீழ். வீட்டுக்கு வந்து எங்கே போனேன் என்று சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க இன்னும் உரக்கச் சண்டை போட்டார்.

மங்களம் எண்பத்தைந்து மார்ச்சில் இறந்தாள். சிறுநீரகம். மருத்துவமனையில் ஒன்பது நாள். ஐந்தாம் நாள் இளம் டாக்டர் ஒருவர், ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்யும் இயந்திரத்தைப் பற்றி விளக்கினார். அட்டையின் பின்பக்கம் படம் போட்டார். இங்கே பம்ப், இங்கே வடிகட்டி, இது திரும்பிப் போகும் குழாய். அம்புக்குறிகூடப் போட்டார். மங்களம் படத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவுவைப் பார்த்தாள். தலைத்துண்டு இல்லை. ஆஸ்பத்திரிப் போர்வையின் நுனியை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். டாக்டர் போனதும் எடுத்துவிட்டுச் சொன்னாள்: "கோட்டச் சரியாப் போடச் சொல்லுய்யா."

இயந்திரத்துக்கு வரிசை இருந்தது. வரிசை வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பதினேழாம் நாள் அப்பாவு வேலைக்கு வந்தார். கதவைக் காலால் தள்ளினார். "என்னா மாப்பிள்ள, மாமியா போயிட்டா. ஒரு வார்த்த கேட்டியா" என்று பம்பைத் திட்டினார். துக்கம் கேட்க வந்தவர்களிடம், எமன்தான் பாவம், இந்நேரம் அவன் பாசக்கயிற்றைப் போட்ட பக்கம் தப்பு என்று சொல்லியிருப்பாள் என்றார். வந்தவர்கள் சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் போனார்கள். ஏழு மணிக்கு வாசலில் போய் நின்றார். தண்ணீர் தப்புப் பக்கமாக வழிந்தது. போடி என்று சொல்ல ஆள் இல்லை. ஆனாலும் நின்றார்.

அந்த ஆகஸ்டில் ஒரு மாநாட்டுக்கு வெளிநாட்டிலிருந்து ரப்பர் நிபுணர் ஒருவர் வந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் போகும் வழியில் மரத்தின் முன்னால் நின்றார். பக்கத்தில் வந்த பல்கலைக்கழகத் தலைவரான டத்தோவிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். பதினோரு பேர் சிரித்து ஐந்து வருஷத்தில் நடக்காதது அந்த வாக்கியத்தால் மறுநாளே நடந்தது: ஒரு குழு அமைந்தது. குழு விசாரித்ததில், சிற்பி கோலாலம்பூர்க்காரர், மரத்தை நேரில் பார்த்ததில்லை, பல்கலைக்கழகத்தின் விளம்பரப் புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்துச் செய்தார் என்று தெரிந்தது. படம் இடம்வலம் மாறி அச்சாகியிருந்தது. மரத்தில் எழுதியிருந்த எண்கூடக் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருந்தது. புத்தகத்தை வாசித்த எவரும் அதைக் கவனிக்கவில்லை.

தீர்மானம் எளிது. பழைய கோட்டைச் சிமெண்ட் வைத்து அடைப்பது. சரியான பக்கம் புதிதாக வெட்டுவது. பட்டமளிப்பு விழாவுக்குள் முடிப்பது.

செய்தியைக் கொண்டுவந்தவர் பாஸ்கல். சித்தியவான் ஊர்க்காரர், நாற்பது வயது, சட்டைப்பையில் எப்போதும் மூன்று பேனா. நல்ல மனிதர். சந்தோஷச் செய்தி என்றே நினைத்து வந்தார்.

"அண்ணே, அக்கா சொன்னது சரியாப் போச்சுண்ணே. அத அடைச்சிட்டு ஒழுங்கா வெட்டப் போறாங்க."

அப்பாவு துண்டால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"தேவையில்ல சார்" என்றார்.

பாஸ்கலை அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார். சார் என்றால் கோபம்.

அடுத்த ஒரு வாரம் அப்பாவு தினம் ஒரு காரணம் சொன்னார். முதல் நாள், உடைத்தால் உள்ளே ஏறும் குழாய் வெடிக்கும் என்றார். பாஸ்கல் பழைய வரைபடத்தைக் காட்டினார். குழாய் மறுபக்கம் ஏறியது. இரண்டாம் நாள், சிமெண்ட் தண்ணீரில் கலந்தால் தொட்டி மீன் செத்துவிடும் என்றார். தொட்டியில் மீன் இல்லை என்றார் பாஸ்கல். மறுநாள் காலையில் இருந்தது. பழைய ஈயச் சுரங்கக் குட்டையிலிருந்து வாளியில் ஆறு திலாப்பியா வந்து சேர்ந்திருந்தன. அவற்றை அள்ளி வேறு தொட்டியில் விடலாம் என்றார் பாஸ்கல். நான்காம் நாள், ஓடுகிற நீரின் வாயை அடைப்பது சாமி குற்றம் என்றார் அப்பாவு.

"நீங்க சாமி கும்பிட்டு நான் பாத்ததே இல்லியேண்ணே" என்றார் பாஸ்கல். பம்ப் அறை வாசற்படியில் உட்கார்ந்தார். "சூசா பண்ணாதீங்க, தொல்ல வேணாம். ஒங்களுக்கு என்னா வேணும்? நேராச் சொல்லுங்க."

"அந்தக் கோட்ட மூடக் கூடாது."

"அது தப்புக் கோடுண்ணே."

"தப்புன்னு எனக்குத் தெரியும்லா. நாப்பது மரம் பாத்துருக்கேன்."

அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்ல வேண்டியவளிடம் சொல்லவில்லை. அவர் பார்வை, கூட்டுகிற பெண்கள் காலையில் வரும் நடைபாதையில் இருந்தது. பாஸ்கலும் அந்தப் பக்கம் பார்த்தார். படியிலிருந்து எழுந்து, குழு அடுத்த வெள்ளிக்கிழமை கூடுகிறது, வாயால் சொன்னால் நடக்காது, ஏதாவது பிளான் போட்டுக் கொண்டு வாருங்கள், நான் உள்ளே கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பாவுவின் மகள் ஈப்போவில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவளை, பலகையை எடு என்றார். வெட்டுகிற மரத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் வெட்டும்போது மறுபக்கத்துப் பட்டை ஓய்வெடுக்கும். இது மங்களம் சொல்லித் தெரிந்தது. ஆகவே பழைய கோடு ஓய்வெடுக்கும் பட்டை. அது அப்படியே இருக்கட்டும். புதுக் கோட்டை மரத்தின் மறுபக்கம் வெட்டலாம். இரண்டு குழாய், இரண்டு வால்வு.

மகள் பாதி வரைந்துவிட்டு நிறுத்தினாள்.

"ஓய்வெடுக்கிற பட்டையில பால் வராதேப்பா. அதுக்கு எதுக்குக் குழாய்?"

"காத்து போவ."

"தொட்டித் தண்ணிக்குள்ளேருந்து இழுக்கிற பம்பு. காத்து எங்கேருந்து வரும்?"

அப்பாவு எழுந்துபோய்த் தேநீர் கலக்கினார். சீனி போட மறந்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, "ஒங்கம்மா ஏழு மணிக்கு அங்க வந்து நிப்பா" என்றார்.

மகள் பென்சிலைச் சீவினாள். அது ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது. பிறகு குழாயை முழுதாக வரைந்து, பக்கத்தில் அம்புக்குறி போட்டு, 'காற்று வெளியேற்றக் குழாய், ஒன்றரை அங்குலம்' என்று எழுதினாள். அவள் போட்ட படங்களில் தெரிந்தே பொய் எழுதியது அந்த ஒரு வரிதான். அளவு மட்டும் சரி.

வெள்ளிக்கிழமை அப்பாவு முழுக்கால் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். துண்டை மடித்துச் சட்டைக்குள் வைத்திருந்தார். வயிறு பெருத்துத் தெரிந்தது. மேசையைச் சுற்றி ஒன்பது பேர். பழைய மரம்வெட்டுத் தொழிலாளி என்று பாஸ்கல் அறிமுகம் செய்தார். அப்பாவு திருத்தவில்லை. மலாயில் இருபது நிமிடம் பேசினார். பட்டை எத்தனை வருஷத்தில் ஆறும், ஆழமாக வெட்டினால் மரம் எப்படிப் புண்ணாகும், மழை நாளில் என்ன செய்வார்கள் என்று சொன்னார். முப்பது வருஷம் வீட்டில் வாங்கிய திட்டு முழுவதும் அன்று கைகொடுத்தது.

ஒரு பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அப்படியானால் முதலில் போட்ட கோடு தவறில்லையா, ஓய்வெடுக்கும் பட்டையில் சாய்வு அந்தப் பக்கம்தான் இருக்குமா என்று கேட்டார்.

அப்பாவு சட்டைக்குள்ளிருந்த துண்டைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு பக்கப் பட்டையிலும் சாய்வு ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியும்.

"பெதுல், டத்தோ" என்றார் தலைமை நாற்காலியில் இருந்தவரிடம். உண்மைதான் என்று பொருள். "பழைய பட்டைக்கு அப்படித்தான்."

மேசையைச் சுற்றி ஒரு பெருமூச்சு போனது. சிற்பி தவறு செய்யவில்லை. விளம்பரப் புத்தகம் தவறாக அச்சாகவில்லை. திறந்து வைத்தவர் தவறான மரத்தைத் திறந்து வைக்கவில்லை. இதைவிட நல்ல திட்டம் அந்தக் குழுவுக்கு யாரும் கொண்டுவந்திருக்க முடியாது. கால் மணி நேரத்தில் ஒப்புதல் கிடைத்தது.

மங்களம் சொன்னது தவறு என்று ஒன்பது பேர் முன்னால் சாதித்துவிட்டு அப்பாவு வெளியே வந்தார். சட்டைக்குள்ளிருந்து துண்டை உருவிக் கழுத்தில் போட்டார்.

"அவ இருந்திருந்தா உளியத் தூக்கிட்டு வந்திருப்பா தம்பி" என்றார் பாஸ்கலிடம். மறுபடி தம்பி ஆகியிருந்தார்.

ஒப்பந்தக்காரர் ஆ லோக் வந்து, புதுக் கோட்டுக்கு அடையாளம் போடச் சொன்னபோது, அப்பாவு கரித்துண்டை வாங்கி மரத்தின் மறுபக்கத்தில் ஒரே இழுப்பாக இழுத்தார். இடது மேல், வலது கீழ். மட்டம் வைத்துப் பார்த்தார்கள்; முப்பது டிகிரி. ஆ லோக் மரத்தை இரண்டு முறை சுற்றி வந்தார். ஒன்றுக்கு ஒன்று எதிராக இருக்கிறதே, எது சரி என்று மலாயில் கேட்டார்.

"தான்யா பினி சாயா" என்றார் அப்பாவு. என் பெண்டாட்டியைக் கேள். ஆ லோக்குக்கு விஷயம் தெரியாது. எப்போது வருவார் என்று கேட்டார். ஏழு மணிக்கு என்றார் அப்பாவு.

செம்பு மங்கையும் பித்தளைத் தகட்டையும் கழற்றி மறுபக்கம் வைத்தார்கள். இப்போது விருந்தாளிகள் பார்ப்பது பச்சை வால்வின் கோடு. படம் எடுத்துக்கொள்வதும் அங்கேதான். பழைய கோடு பம்ப் அறையைப் பார்த்து இருக்கிறது. நாள் முழுவதும் காய்ந்து கிடக்கிறது. திலாப்பியா ஆறும் அறுபது ஆகிவிட்டன. அவற்றுக்கு இரண்டும் ஒன்றுதான்.

எப்போதாவது உடற்பயிற்சிக்கு நடந்து வரும் டத்தோ, காலையில் மட்டும் ஏன் பின்பக்கம் ஓடுகிறது என்று கேட்பார். காற்று, டத்தோ, என்பார் அப்பாவு. ஐந்து நிமிடமா வேண்டும் என்பார் அவர். அதற்குக் குறைந்தால் பம்புக்கு ஆகாது என்று அப்பாவு வருத்தமாகத் தலையாட்டுவார். டத்தோவும் வருத்தமாகத் தலையாட்டிவிட்டு நடப்பார்.

அடுத்த வருஷம் அவருக்கு ஐம்பத்தைந்து. ஓய்வு. அவர் இடத்துக்கு யார் வருவார் என்று தெரியாது. பம்ப் அறைச் சுவரில் ஓரடி எழுத்தில் மலாய், தமிழ் இரண்டிலும் சிவப்புப் பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறார்: முதலில் சிவப்பு, ஐந்து நிமிடம், மீறினால் பம்ப் வெடிக்கும். சீனத்திலும் எழுதித் தரும்படி ஆ லோக்கைக் கேட்டிருக்கிறார். மூன்று குதிரைசக்திப் பம்ப் வெடிக்காது, அதிகம் போனால் சூடாகி நிற்கும் என்று மகள் சொன்னாள். வருகிறவனுக்கு அது தெரியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

இன்று காலை ஏழு மணி. குன்றுகளின் விளிம்பு மட்டும் வெளுத்திருக்கிறது. மாப்பிள்ளை முனகிக்கொண்டு எழுந்தாயிற்று. சிவப்பு வால்வு திறந்திருக்கிறது. பழைய கோட்டின் வலது முனையில் தண்ணீர் கசிந்து, இடப்பக்கமாக இறங்கி, தொட்டியில் விழுகிறது. இருளாயி விளக்குமாற்றோடு வருகிறாள். அன்று சிரித்த பதினோரு பேரில் இப்போது வேலையில் இருப்பவர்கள் நான்கு பேர். மரத்தைப் பார்க்கிறாள்.

"இன்னமும் தப்பாத்தான் போவுதுண்ணே."

"பம்பு தள்ளுது. எந்தப் பக்கமும் போவும். ஒனக்கு என்னா தெரியும்" என்கிறார் அப்பாவு.

அவள் கூட்டிக்கொண்டே நூலகத்தின் பக்கம் திரும்புகிறாள். விளக்குமாற்றின் சத்தம் தேய்கிறது. அப்பாவு கழுத்திலிருந்த துண்டின் நுனியை எடுக்கிறார். எண்ணெய்க் கறை படிந்த நுனி. அதைச் சுருட்டி, வாயில் திணித்துக்கொண்டு, தோள் குலுங்க நிற்கிறார். ஐந்து நிமிடம் ஆனதும், துண்டை எடுக்காமலே உள்ளே போய்ச் சிவப்பை மூடுகிறார்.